பழைய ஃபைபர் பெட்டி புதிய இணைப்பில் ஓடுமா?

மஞ்சக்குப்பத்தில் நிறுவனத்தை மாற்றியதும் பழைய ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, இரண்டும் ஃபைபர்தானே என்று கேட்டிருந்தீர்கள். ஃபைபர்தான், ஆனால் உள்ளே ஓடும் தரநிலை வேறாக இருக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்: ஜிபான் என்றால் 2003-இல் ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு கொண்டுவந்த ஜி.984 தரநிலைக் குடும்பம், இறங்கும் வேகம் நொடிக்கு 2.488 ஜிகாபிட், ஈபான் என்றால் 2004-இல் ஐஈஈஈ என்ற பொறியாளர் சங்கம் போட்ட 802.3ஏஎச் தரநிலை, 1.25 ஜிகாபிட். ஒன்று மற்றதோடு பேசாது. எக்ஸ்பான் என்று இருந்தால் அதிர்ஷ்டம், பொதுவாக இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

இரண்டுமே ஜிபான்தானா? அப்படியும் மக்கர் பண்ணலாம், ஏனென்றால் பெட்டியைத் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கும் ஓஎம்சிஐ விதிகளை ஆரம்பத்தில் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள், அதைச் சீராக்கி 2010-இல் ஜி.988 என்று தனியாக எழுதிய பிறகுதான் ஒருவர் பெட்டியை இன்னொருவர் கருவியோடு சேர்ப்பது சுலபமானது, சின்னத் தயாரிப்பாளர்களும் துணிந்து உள்ளே வர முடிந்தது. எனக்கும் முத்தியால்பேட்டையில் இதே கதை. பெட்டியின் சீரியல் எண்ணைப் பதியாமலே நிறுவனத்து ஆள் போய்விட்டார், இரண்டு நாள் அலைந்தேன். முதலில் அந்த எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.

அப்புறம், தனியாக வாங்கிய வைஃபை ரவுட்டரை விற்றுவிடாதீர்கள். ஈதர்நெட் கேபிளைச் செருகி, புதிய நிறுவனம் தரும் பயனர் பெயரைப் போட்டால் அதுபாட்டுக்கு ஓடும்.