தயிர் வாங்கப் போனவள்

அன்புள்ள ஐயா,

நாயகனின் பயணம் பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வீட்டை விட்டுப் புறப்படுவது, சோதனைகளைக் கடப்பது, எதையாவது கொண்டு திரும்பி வருவது என்று உலகத்துப் புராணங்களில் எல்லாம் ஒரே தடம் இருப்பதாக அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பெல் சொன்னதை அதில் விளக்கியிருந்தீர்கள். அதைப் படித்த இரண்டாம் நாள் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது.

என் மகளுக்கு நாலரை வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது பார்த்தால் தயிர் இல்லை. "நான் வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டாள். ஐந்து வீடு தாண்டித் தெருமுனையில் கடை. என் மாமியார், அவளுக்கு அப்பத்தா, பத்து ரூபாய் நோட்டை அவள் கையில் வைத்து மூடி, "ஓரமாப் போகணும், வண்டி வந்தா நின்னுக்கணும், யாரு கூப்பிட்டாலும் போகக்கூடாது" என்றார். "சரி, போறேன்" என்றாள். "போறேன்னு சொல்லாத ஆத்தா, போயிட்டு வாரேன்னு சொல்லு." அப்படியே சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

என் கணவர் அவளுக்குத் தெரியாமல் இருபதடி பின்னால் போனார். மூன்றாவது வீட்டு வாசலில் எப்போதும் படுத்திருக்கும் கறுப்பு நாய் அன்றைக்கு எழுந்து நின்றதாம். இவள் அசையாமல் நின்று, அது மறுபடி படுத்தபிறகு சுவரோரமாக நடந்தாளாம். கடைக்காரர் தயிர் பாக்கெட்டோடு ஒரு தேன்மிட்டாயும் கொடுத்திருக்கிறார். போய் வரப் பன்னிரண்டு நிமிடம்.

அப்பத்தா வழிகாட்டி, வாசற்படி எல்லை, நாய் அரக்கன், தேன்மிட்டாய் வரம், தயிர் அமுதம் என்று எனக்கு உங்கள் கட்டுரை வரிக்கு வரி தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். "தயிர் வாங்கப் போனதுக்கெல்லாம் புராணமா?" என்று சிரித்தார். நான் அதிகமாக யோசிக்கிறேனா?

இன்னொன்று. வந்ததிலிருந்து அவள் நாயைப் பற்றிப் பேசவே இல்லை. "கடைத் தாத்தாவுக்கு என்னையத் தெரியவே இல்ல" என்று மட்டும் மூன்று தடவை சொன்னாள். அவர் இவளைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருபவர். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை.

ம.
காரைக்குடி

அன்புள்ள ம.,

நீங்கள் அதிகமாக யோசிக்கவில்லை. ஆனால் நாயைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகள் மூன்று தடவை சொன்னதைக் கடைசிப் பத்தியில் தள்ளிவிட்டீர்கள். அந்தக் கடைசிப் பத்திக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கு. புராணம் பெரியது, கடைக்குப் போவது சின்னது, பெரியதை எடுத்துச் சின்னதன் மேல் போர்த்திப் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. கேம்பெல் 1949இல் எழுதும்போதே, நாயகனின் பாதை என்பது சடங்குகளில் இருக்கும் ஒரு சூத்திரத்தின் பெருக்கம்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கு 40 வருடம் முன்பே, 1909இல், வான் கென்னப் என்ற அறிஞர் பிறப்பு, பருவமடைதல், திருமணம், சாவு என்று வீட்டில் நடக்கும் சடங்குகளை எல்லாம் பார்த்து, பிரிவது, நடுவில் நிற்பது, மறுபடி சேர்வது என்ற மூன்று நிலைகளைக் கண்டார். வாசலைத் தாண்டுவதும் திரும்ப நுழைவதும்தான் முதலில் இருந்தது. கடல் தாண்டுவதெல்லாம் அப்புறம் வந்தது. நம் ஒவ்வொருவருக்கும் அப்படித்தானே? எந்தக் கதையையும் கேட்பதற்கு முன்பே மடியிலிருந்து இறங்கி, அடுத்த அறைவரை தவழ்ந்து போய், அங்கே ஆள் இல்லாததைப் பார்த்து, திரும்பி வந்திருக்கிறோம். பின்னால் யாரோ ஓர் அரசகுமாரன் காட்டுக்குப் போனான் என்று சொல்லும்போது அது நமக்குப் புரிவதே அந்தத் தவழ்தலால்தான்.

உங்கள் கடிதத்துக்குக் கேம்பெலைவிட விளாதிமிர் பிராப் பொருத்தமானவர். நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த ரஷ்யர். 1928இல், நூறு மாயக் கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து, அவற்றில் மொத்தம் 31 செயல்கள்தான் இருக்கின்றன, எல்லாக் கதையிலும் எல்லாம் வராது, ஆனால் வருபவை இந்த வரிசையில்தான் வரும் என்றார். அதில் முதலாவது, வீட்டில் ஒருவர் வெளியே போகிறார். இரண்டாவது, இதைச் செய்யாதே என்று ஒரு விலக்கு. உங்கள் மாமியார் சொன்ன மூன்று வாக்கியங்களும் அதுதான். எட்டாவது இடத்தில் வருவது, ஒன்று தீயவனால் ஒரு கேடு, இல்லையென்றால் வீட்டில் ஏதோ ஒன்று இல்லை என்று தெரியவருவது. உங்கள் வீட்டில் தயிர் இல்லை. இந்த இடத்தில் அரக்கனே தேவையில்லை பாருங்கள், ஒரு பாத்திரம் காலியாக இருந்தால் போதும், கதை கிளம்பிவிடும்.

ஆனால் அந்த 31இல் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது வேறொரு இடம். நாயகன் திரும்புவது இருபதாவது. அதற்கு அப்புறமும் பதினொன்று இருக்கிறது. இருபத்து மூன்றாவதில் அவன் வந்து சேர்கிறான், யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. இருபத்து ஏழாவதில்தான் இவன் இன்னான் என்று கண்டுகொள்கிறார்கள். வந்தவன் யாரென்று தெரிகிறவரைக்கும் கதை முடியவில்லை.

சரி, இப்போது உங்கள் தெருமுனைக் கடைக்கு வருகிறேன். நான் அதைப் பார்த்ததில்லை, ஆனால் நம் ஊர்ச் சின்னக் கடைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. முன்னால் ஒரு பலகை, அதன்மேல் வரிசையாகக் கடலைமிட்டாயும் முறுக்கும் தேன்மிட்டாயும் போட்ட பாட்டில்கள், மேலே சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள், இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்துதான் கடைக்காரரின் ஜன்னல். அவள் உங்கள் இடுப்பில் உட்கார்ந்து போனபோதெல்லாம் அந்தச் சந்துக்கு நேராக அவள் முகம் இருந்திருக்கும், அவரும் கன்னத்தைக் கிள்ளியிருப்பார். அன்றைக்கு அவள் தரையில் நின்றாள். பலகைக்குக் கீழே.

"தெரியவே இல்ல" என்று அவள் சொன்னதை நீங்கள் அடையாளம் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். அவள் சொன்னது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். நாலரை வயதில் இரண்டும் ஒரே விஷயமாகவும் இருக்கும். அவள் தலைக்கு மேலே பெரியவர்களின் கைகள் நீண்டு, காசு கொடுத்து, சாமான் வாங்கிப் போயிருக்கும். அவள் முதலில் "தயிர்" என்று சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. உங்கள் கணவர் இருபதடி தள்ளி நின்றார், அவள் முதுகைத்தான் பார்த்திருப்பார். கையில் வியர்வையில் நனைந்த நோட்டு, முகத்துக்கு நேரே மரப்பலகை, பிறந்ததிலிருந்து தன்னைத் தெரிந்த ஒருவருக்கு இப்போது தான் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் அவள் தனியாகக் கடந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நாய் எழுந்து நின்றது, அவளைப் பார்த்தது. அது எவ்வளவு பயமாக இருந்தாலும் அங்கே அவள் ஒரு ஆள். கடையில்தான் ஆளே இல்லாமல் போனாள், அப்புறம் குரலாலோ கையாலோ எப்படியோ அவளே தன்னை அங்கே காட்டினாள். அந்தத் தேன்மிட்டாய், பாட்டில்களுக்கு மேலே எட்டிப் பார்த்து "அடடா, நீயா!" என்ற அந்தப் பெரியவரின் பதற்றத்தில் வந்ததாக இருக்கும்.

இதனால்தான் பொருத்திப் பார்க்கும் விளையாட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. கேம்பெலின் 17 படிகளை மனப்பாடம் செய்துவிட்டால் ரேஷன் கடைக்குப் போய் வருவதும் பொருந்தும், பல் பிடுங்கப் போவதும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டை யாருடைய அளவையும் சொல்லாது. குழந்தை தெருவில் ஒரு மரவட்டையைப் பார்த்து, அது சுருண்டு மறுபடி நிமிரும்வரை பத்து நிமிடம் குந்தியிருக்கும். அது எந்தப் படியிலும் வராது, ஆனால் அந்தப் பயணத்தில் அதுதான் பெரும்பகுதி. படிகளை விட்டுவிட்டுப் பயணம் போனவரிடம் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அவர் மூன்று தடவை எதைச் சொல்கிறாரோ அங்கே இருக்கிறது கதை.

உங்கள் மாமியார் திருத்திய அந்த வாக்கியத்தையும் விடக்கூடாது. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள் இல்லையா, அதில் ஆறாவது, குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கும் பருவம். அதற்கு நடை என்று பெயர் வைத்திருக்கலாம். வருகை என்று வைத்தார்கள். வாரானை என்றும் சொல்வார்கள். தாய் கைகளை நீட்டிக்கொண்டு "வருக, வருக" என்று கூப்பிடும் பாட்டு அது. குழந்தை எடுத்துவைக்கும் முதல் அடியை, எதிரே காத்திருப்பவளின் பக்கத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றதும் அந்தப் பக்கத்தில் நின்றுதான்.

மாம்பழக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். விநாயகர் அம்மையப்பனைச் சுற்றி வந்தார், முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றினார். விநாயகர் செய்ததை ஒன்றரை வயதில் எல்லாக் குழந்தைகளும் செய்கின்றன. நாலடி போய், திரும்பி வந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டுவிட்டு, மறுபடி போகும். மார்கரெட் மாலர் என்ற உளவியலாளர் தாய்மாரையும் குழந்தைகளையும் வருடக்கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்து, அது எரிபொருள் நிரப்பிக்கொள்வது போல என்று எழுதினார். நாலு, ஐந்து வயதில் முருகன் ஆரம்பிக்கிறார். விநாயகரின் சமயோசிதத்துக்காகவே இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அதைச் சந்தோஷமாகச் சொல்ல வந்ததே இல்லை. ஒரு பிள்ளை நிஜமாகவே உலகத்தைச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்க வந்து வாசலில் நிற்கிறான், பழத்தைக் கொடுத்தாகிவிட்டது, எங்கெல்லாம் போனாய், என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் மலைக்குப் போய்விட்டான். அப்புறம் பின்னாலேயே போய் "பழம் நீ" என்று சொல்லிச் சமாதானம் செய்ததாகக் கதை. அதை வீட்டு வாசலிலேயே சொல்லியிருக்கலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகனுக்கு ஐந்து வயதில் சீரகம் வாங்கிவர அனுப்பினேன். வந்தான். பொட்டலத்தைப் பிரித்தால் சோம்பு. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "சீரகம்னுதானே சொன்னேன்? திரும்பப் போய் மாத்திட்டு வா" என்றேன், நிலைப்படியில் வைத்தே, அவன் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால். அவன் பொட்டலத்தை மறுபடி மடித்தான். காகிதம் முன்பிருந்த மடிப்பிலேயே மடங்க வேண்டும் என்று மெதுவாக, இரண்டு தடவை முயன்று மடித்தான். போனான், மாற்றி வந்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலே ஆனபிறகு, வேறு ஏதோ பேச்சில், அன்றைக்குக் கடை வழியில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்ததையும், குறுக்கே போட்டிருந்த ஒற்றைப் பலகையில் அவன் தனியாக நடந்ததையும் சொன்னான். நடுவில் பலகை ஆடியதாம். அதைக் கடக்கும்போது சீரகம் சீரகம் என்று சொல்லிக்கொண்டே வந்தது நின்றுபோனதாம். அதை அவன் வாசலில் வைத்திருந்தான், என்னிடம் கொடுப்பதற்கு. நான் சோம்பைத்தான் பார்த்தேன். அவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது, அவன் இதை மறந்திருக்கலாம். எனக்குச் சமையலறையில் சோம்பு வாசனை வந்தால் அந்த மடிப்பு ஞாபகம் வரும்.

மணமக்கள் வந்தால் ஆலம் சுற்றுகிறோம், பிரசவம் முடிந்து பிள்ளையோடு வருபவளுக்கும் சுற்றுகிறோம். கடைக்குப் போய் வந்த பிள்ளைக்கு அது வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரும், அவள் உயரத்துக்குக் குனிந்து கேட்கிற இரண்டு காதும் போதும்.

அடுத்த முறை அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், அனுப்புங்கள். உங்கள் கணவர் பின்னால் போகட்டும், வண்டிகள் வரும் தெரு, போகத்தான் வேண்டும். ஆனால் நாயைப் பற்றி நீங்களாக வாய் திறக்காதீர்கள். அவள் சொல்லாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், தனியாகப் போகவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும். இன்று சாயங்காலம் அவள் சும்மா இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் கடைத் தாத்தாவுக்கு நீ எப்படித் தெரிஞ்ச?" என்று மட்டும் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று, அவள் வார்த்தையிலேயே, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்