மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரின் வரலாறு என்ன? இன்று காம்ப்பெல் என்றிருப்பவரின் முன்னோர் மெக்ரெகராக இருந்திருக்க முடியுமா?

முடியும். சட்டம் போட்டே ஒழிக்கப் பார்த்த பெயர் இது. அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1774-க்கு முன் தடம் அறுந்துவிடும்.

பெயர் ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. 'கிரெகரின் மகன்' என்று பொருள். ஒன்பதாம் நூற்றாண்டு அரசர் கென்னத் மெக்கால்பினின் தம்பி வழி என்பது குலப்பெருமைக் கதை, ஆவணம் கிடையாது. உறுதியாகத் தெரிவது 14-ஆம் நூற்றாண்டிலிருந்து, க்ளென் ஆர்க்கி பள்ளத்தாக்கில். அந்த நிலம் காம்ப்பெல் குலத்தார் கைக்குப் போக, மெக்ரெகர்கள் தங்கள் மண்ணிலேயே குத்தகைக்காரர்கள் ஆனார்கள். அதுவும் போனபோது பலர் மாடு கவர்வதில் இறங்கினார்கள்.

1603 பிப்ரவரி 7 அன்று க்ளென் ஃப்ரூயினில் கஹூன் குலத்தாரைக் கொன்று குவித்தார்கள். ஏப்ரல் 3-இல் அரசரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலின் உத்தரவு வந்தது: பெயரை விடு, இல்லையேல் மரணம். ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்து முடியேற்க எடின்பரோவிலிருந்து கிளம்ப இரண்டே நாள் இருந்தது. குலத் தலைவர் அலாஸ்டேர் மறு ஆண்டு ஜனவரியில் தூக்கிலேற்றப்பட்டார். 1661-இல் தடை நீங்கியது, 1693-இல் திரும்பி வந்தது, 1774-இல்தான் முற்றிலும் ஒழிந்தது.

இடைப்பட்ட காலத்தில் நிலக்கிழாரின் பெயரையோ தாய்வழிப் பெயரையோ வைத்துக்கொண்டார்கள்: காம்ப்பெல், டிரம்மண்ட், மர்ரி, கிரஹாம், கிராண்ட், ஸ்டூவர்ட். மெக்ரெகர் குலத்துப் புகழ்பெற்ற ராப் ராய் 1671-இல் பிறந்தபோது பெயருக்குத் தடையில்லை. 1693-க்குப் பிறகு அவரும் தாயின் காம்ப்பெல் பெயருக்கு மாறினார்.

தேடலை ஸ்காட்லாந்தின் பழைய பதிவுகள் உள்ள ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில், இன்றிலிருந்து பின்னோக்கி ஆரம்பியுங்கள். 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு உண்டு. திருமண, இறப்புப் பதிவுகளில் பெற்றோர் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்தே இருக்கும். இங்கிலாந்தின் பழைய பதிவுகளில் இந்த வசதி இல்லை. 1855-க்கு முந்தையவை திருச்சபை ஏடுகள். மலைநாட்டில் பல ஏடுகள் 1700-களில்தான் தொடங்குகின்றன, நடுவே பக்கங்களும் காணாமல் போயிருக்கும்.

எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே வீட்டில் மக்கிரிகர், மெக்ரெகர், கிரெகர் மூன்றும் வரும். சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்கள். 1774-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே ஊர், அதே தாய், ஆனால் அண்ணனுக்கு டிரம்மண்ட், தம்பிக்கு மெக்ரெகர் என்றிருந்தால் அது வலுவான தடயம். 'டிரம்மண்ட் என்கிற மெக்ரெகர்' என்று இரட்டைப் பெயர் எழுதியிருந்தால் அதைவிட நல்லது.

குலத்துக்குரிய கட்டம் போட்ட டார்டன் துணி விற்கும் கடைகளில் தொங்கும் கிளைக்குலப் பட்டியலைச் (எந்தக் குடும்பப் பெயர் எந்தக் குலம் என்று சொல்வது) சான்றாகக் கொள்ளாதீர்கள். பிளாக், வைட், கிங் என்று யாரையும் மெக்ரெகர் ஆக்கிவிடும். காம்ப்பெல்களில் பெரும்பாலோர் வெறும் காம்ப்பெல்கள்தான்.

ஏடு தீர்ந்த இடத்தில், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைப் பரிசோதிப்பது உதவும். மெக்ரெகர் மரபணுத் திட்டம் ஒன்று நடக்கிறது, அதனுடன் ஒப்பிடலாம். ஒப்பிடப்படும் மரபணு இடங்களான குறியிடங்கள் 37 போதாது, 111 எடுங்கள். தந்தை வழி ஆண்கள்தான் மாதிரி தர முடியும். கேட்பவர் பெண் என்றால் அப்பா, அண்ணன் தம்பி, இல்லையேல் சித்தப்பா மகனைக் கேட்க வேண்டும்.