டெல்டாவில் இருந்துகொண்டு காலநிலை ஸ்டார்ட்அப் தொடங்கினால் தேறுமா?

கேட்டிருப்பது இதுதான்: இந்தியாவில் காலநிலைத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடு பெருகிவருகிறது, திருவாரூர் மாதிரி ஊரில் நெல் நிலத்தோடு இருக்கும் ஒரு இன்ஜினியர் அதில் இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம். ஆனால் இதுவரை வந்த பணம் எங்கே போனது, ஏன் அங்கே போனது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். நான் மன்னார்குடிப் பக்கம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி கம்பெனிகள் எங்களைத் தேடி வருவதையும், ஒரு போகத்தோடு காணாமல் போவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடும் கார்பன் அளவுக்குத் திரும்ப உறிஞ்சிக் கணக்கை நேர்செய்வது, என்று இந்தியா அறிவித்தது. அதற்கு முன்பே சோலார், பேட்டரி வண்டி என்று தனித்தனியாகப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு காலநிலைக்கென்றே தனி நிதிகள் கிளம்பின. பெரும்பங்கு மின்வாகனத்துக்குப் போனது. சென்னை ஐஐடியில் படித்தவர்கள் 2013இல் தொடங்கிய ஏத்தர் ஓசூரில் ஆலை போட்டு 2025இல் பங்குச் சந்தைக்கு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கூட்டர் விற்றால் அன்றைக்கே காசு, அரசு மானியமும் இருந்தது, பெட்ரோல் விலை பார்த்து வாங்குகிறவர்களும் தயார்.

டெல்டாவின் கணக்கு வேறு. ஆப்பில் பிழை என்றால் ஒரு வாரத்தில் சரிசெய்து அடுத்த பதிப்பு விடலாம். குறுவை அறுவடைக்காகச் செய்த கருவி அக்டோபரில் சொதப்பினால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதுவும் தண்ணீர் வந்தால்தான். 2024இல் ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை 28இல்தான் மேட்டூர் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவையில் சோதனை வைத்திருந்தவருக்கு அந்த வருடமே போச்சு. முதலீட்டாளரோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி எவ்வளவு என்று கேட்பார். எங்களிடம் வந்த கம்பெனிகள் பல ஒரு போகத்தோடு நின்றுபோனதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கார்பன் கிரெடிட்: பூமியைச் சூடாக்கும் வாயுவை ஒரு டன் குறைத்ததற்கோ உறிஞ்சியதற்கோ தரும் சான்று, கம்பெனிகள் இதைக் காசு கொடுத்து வாங்கும். இப்போது டெல்டாவுக்கு அதிகம் வருவது இந்த வகைதான். இந்தியாவில் இது வெறும் பேச்சு இல்லை. குருகிராமைச் சேர்ந்த வராஹா நிறுவனம் சீமைக் கருவேலத்தைக் கரியாக்கி மண்ணில் சேர்க்கும் வேலைக்காக, 2030 வரை ஒரு லட்சம் டன் கிரெடிட் விற்க 2025 ஜனவரியில் கூகுளோடு ஒப்பந்தம் போட்டது. நெல்லில் குறி மீத்தேன், அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணில் காற்று இல்லாமல் மீத்தேன் உண்டாகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது நன்றாகக் குறையும். துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கடைமடையில் நின்று யோசியுங்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, இருக்கும் தண்ணீரைக் காயவிட யாருக்குத் துணிச்சல் வரும்? அடுத்த முறை வந்து சேரும் என்று யார் உறுதி தருவது? சம்பாவில் நேர் எதிர்: நாகை, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பள்ளக்கால் வயலில் ஐப்பசி மழை நீரை வடியவைப்பதே பெரும்பாடு. ஆக, போர்வெல் வைத்துக் குறுவை நடுகிறவருக்குத்தான் இது சரிப்படும். அவருக்கும் விவசாய மின்சாரம் இலவசம். தண்ணீரை மிச்சம் பிடித்தால் கையில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. கார்பன் பணம் மட்டும்தான் லாபம், அதில் விவசாயியின் பங்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, கையெழுத்து யார் போடுவது? இங்கே கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். உழுகிறவர் குத்தகைதாரர், பட்டா அவர் பெயரில் இருக்காது. பட்டா கேட்கும் கம்பெனி இவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. குழாயைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கட்டப்போவது அவர்தானே, பணமும் அவருக்குத்தான் வர வேண்டும். அளவீட்டிலும் அசட்டையாக இருக்க முடியாது. கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது.

சரி, என்னதான் செய்யலாம்? என்னைக் கேட்டால் நெல் உலர்த்துவதில் தொடங்குங்கள்.

அக்டோபரில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். இயந்திரம் அறுத்த நெல் ஈரத்தோடு வந்து சாலையோரம் குவிந்திருக்கும். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. மழை விட்டதும் தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே சூடு தெரியும், அடியில் வெள்ளையாக முளை விட்டிருக்கும். அதைக் கையில் அள்ளிப் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. தளர்வு கேட்டு மனு கொடுப்பார்கள், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும், உத்தரவு வருவதற்குள் இன்னொரு மழை வந்துவிடும்.

வயலுக்கே வரும் உலர்த்தி, உமியை எரித்து ஓடுவது, சிப்பத்துக்கு இவ்வளவு என்று வாடகை. அறுவடை இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பழகிய ஊர் இது, அதனால் இந்த முறையை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேலை இருக்கும் சில வாரங்களில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும். மீதி நாளில் உளுந்து, மக்காச்சோளம், கொப்பரை என்று ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். வடிவமைக்கும்போதே இதற்கும் சேர்த்து யோசியுங்கள்.

இதற்குத் துணை பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம், மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது, தொழில் தொடங்குகிறவர்களுக்கும் வழிகாட்டுகிறார்கள். ஆடுதுறையில் 1922இலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் ஆரம்ப மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள். வெளி முதலீட்டை இதற்கெல்லாம் அப்புறம் தேடினால் போதும். அப்படித் தேடும்போது, இரண்டு குறுவை முடியும்வரை விரிவாக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் இந்த வேலைக்குப் பணம் வாங்க வேண்டாம்.