இரவில் தலைக்கு மேல் ‘பீப்’: வாளிக்குள் ஒரு மைக்

கேள்வி: டொராண்டோ ஸ்கார்பரோவில் இருக்கிறோம். செப்டம்பர் இரவுகளில் பின்வளவில் நின்றால், மேலே ‘பீப்’ என்று ஏதோ கத்திக்கொண்டு போகிறது. போனில் பதிந்தால் வெறும் இரைச்சல்தான். எப்படிப் பதிவது? எத்தனை பறவைகள் போகின்றன என்று எண்ண முடியுமா?

பதில்: மரத்தவளை ஒருமுறை மட்டும் கூப்பிட்டதுபோல் இருந்தால், அது பெரும்பாலும் ஸ்வெயின்சன் த்ரஷ் என்ற வலசைப் பறவை. கனடாவின் ஊசியிலைக் காட்டில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே போகிறது.

போன் மைக் பக்கத்தில் பேசுவதைப் பிடிக்கச் செய்தது. அதைவிட, பில் எவன்ஸ் என்ற அமெரிக்கர் பரப்பிய வாளி மைக் நல்லது, செலவும் குறைவு. பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தட்டு, தட்டின் நடுவில் எலெக்ட்ரெட் என்ற வகைச் சின்ன மைக், வாளியின் வாய்க்குச் சமையலறை பிளாஸ்டிக் தாள். வாளியின் சுவர் தெருச் சத்தத்தைக் குறைக்கும். தாள் மழையைத் தடுக்கும். தாளை மேளத்தோல் போல இழுத்துக் கட்டுங்கள். என் முதல் வாளியில் அது தளர்ந்துபோய், விடிய விடியப் படபடப்புதான் பதிவானது. பக்கத்து வீட்டு ஏசியிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

வடக்குக் காற்று வீசும் குளிர்ந்த இரவாகப் பாருங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது ஒலியைப் படமாகக் காட்டும் பக்கம், திறந்து கண்ணால் தேடலாம். சிள்வண்டு விடாத பட்டையாகத் தெரியும். த்ரஷ் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு சின்னக் கீற்று. வார்ப்ளர்கள் என்ற சிறு பறவைகள் 6-க்கு மேலே, விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத புள்ளிகள்.

எண்ணுவதில்தான் சிக்கல். 1896 செப்டம்பரில், விஸ்கான்சினின் மேடிசன் அருகே குன்றில் உட்கார்ந்து, ஓரின் லிபி என்பவர் ஒரே இரவில் சுமார் 3,800 குரல்களை வெறும் காதால் எண்ணினார். அவர் எண்ணியது குரல்களை, பறவைகளை அல்ல. தாழ்ந்த மேகமும் நகர வெளிச்சமும் சேர்ந்தால் ஒரே பறவை சுற்றிச் சுற்றிக் கத்தும். வீரியோ என்ற பறவைகளோ பெரும்பாலும் வாயே திறக்காமல் கடந்துவிடும். ஆகவே உங்கள் நோட்டில் ‘மணிக்கு இத்தனை குரல்’ என்றே குறியுங்கள்; காற்றின் திசை, மேகம் இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த வருடம் த்ரஷ் போதும். வார்ப்ளர் புள்ளிகளுக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று போடக் கூச்சப்படாதீர்கள். என் நோட்டில் பாதிப் பக்கம் அதுதான்.