அம்மாவின் ஊருக்குப் போய் அம்மாவை அறையில் விடுவதா?

வாசகர் கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஒன்பது வயதில் மகன், இரண்டு வயதில் பெண் குழந்தை. அப்பா காலமாகிவிட்டார்; 66 வயதான அம்மா எங்களுடன்தான் இருக்கிறார். மே மாத விடுமுறையில் மூன்று நாள் தரங்கம்பாடியில் தங்கி, சுற்றியுள்ள இடங்களைப் பார்க்க நினைக்கிறோம். மகனுக்குப் படகு சவாரி வேண்டும், மனைவிக்குத் திருநள்ளாறு போக வேண்டும், எனக்குப் பழைய கோட்டை கொத்தளங்கள் என்றால் ஆசை. முதல் நாள் வழியில் பிச்சாவரம், பூம்புகார், திருக்கடையூர். இரண்டாம் நாள் டேனிஷ் கோட்டை, காரைக்கால், திருநள்ளாறு, நாகூர். மூன்றாம் நாள் வேளாங்கண்ணி, கோடியக்கரை பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்புகிறோம். அம்மாவுக்குப் பக்கத்தில் பொறையார்தான் சொந்த ஊர். வீட்டை விற்று ரொம்ப வருடமாகிறது, அங்கே இப்போது யாரும் இல்லை. அவருக்கு இதெல்லாம் புதிதில்லை என்பதால் அறையிலேயே இருந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். திட்டம் சரிதானா? வேறு எந்த இடத்தைச் சேர்க்கலாம்?
– பெயர் வேண்டாம், தாம்பரம்.

பதில்:

தம்பி, ஊர்களைப் பற்றி அப்புறம் பேசலாம். 'அவருக்கு இதெல்லாம் புதிதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அம்மா சொன்னாரா, நீங்களாக எழுதிக்கொண்டீர்களா? மகனுக்கு என்ன வேண்டும், மனைவிக்கு என்ன வேண்டும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி வந்திருக்கும்.

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு இப்படிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டில் கொடைக்கானல், இன்னொரு வீட்டில் ராமேசுவரம். எந்த ஊரானாலும் பாட்டி அறையில், குழந்தை பாட்டி மடியில். மற்றவர்களாவது 'அம்மாவுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்' என்று ஒப்புக்கு ஒரு வரி சேர்ப்பார்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நாளெல்லாம் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு விடுமுறை வரும்போது அவருக்கும் வர வேண்டாமா? அதே வேலையை 250 கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு ஓட்டல் அறையில் செய்யச் சொல்கிறீர்கள். அதுவும் எங்கே? அவர் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில். தரங்கம்பாடியிலிருந்து பொறையாருக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்கள் கோட்டை பார்க்கப் போவீர்கள்.

இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. நம் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது அப்பா அம்மா இருக்கும்வரை, அப்புறம் அண்ணன் தம்பி வாசலில் வந்து 'வா' என்று சொல்லும்வரை. அவர்களும் போய், வீடும் கைமாறிவிட்டால் சொந்த ஊரில் கால் வைக்க அவளுக்கு யார் வீட்டுக் கல்யாணமோ சாவோ வேண்டியிருக்கிறது. 'அங்கே யாரும் இல்லை' என்கிறீர்கள். யாரும் இல்லாததால்தான் நீங்கள் அழைத்துப்போக வேண்டும். பெற்ற பிள்ளைக்கு இது கடமை. தயவாக நினைத்துச் செய்யாதீர்கள், அம்மாவுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அதனால் பட்டியலை ஓரமாக வையுங்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'பொறையாருக்குப் போகலாம்மா, எங்கெல்லாம் போகணும்?' என்று கேளுங்கள். 'எனக்கென்னப்பா, நீங்க போயிட்டு வாங்க' என்றுதான் முதலில் சொல்வார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது, பொறையார் வழியாகத்தான். 1980-களில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் அம்மாவின் இளமை முழுக்க அந்த ரயில் ஓடியிருக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள். பையனையும் கூட உட்கார வையுங்கள்.

திட்டம் சரிதானா என்று கேட்டீர்கள். சரியில்லை. மூன்று நாளில் ஒன்பது இடம், எல்லாம் காருக்குள்ளிருந்து பார்ப்பதற்கு. தாம்பரத்தில் விடியற்காலை கிளம்பினாலும் பிச்சாவரம் சேரும்போது வெயில் ஏறிவிடும். மே மாத உச்சிவெயிலில் திறந்த படகில் குழந்தைகளை ஏற்றுவீர்களா? கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அவை வருவது மழைக்காலத்தை ஒட்டி, குளிர்காலத்தில். மே மாதத்தில் போனால் வெளிமான்கள் தென்படலாம். அதற்காகத் தெற்குக் கோடிவரை போய், அதே நாளில் திரும்பித் தாம்பரம் வருவது ஓட்டுபவருக்கும் ஆபத்து. கோடியக்கரை, வேளாங்கண்ணி, நாகூர் மூன்றையும் இந்தத் தடவை விடுங்கள்.

உண்மையில் இந்தக் கரைக்கு நல்ல காலம் பொங்கலை ஒட்டித்தான். மழை விட்டிருக்கும், வெயில் உறைக்காது. பள்ளி விடுமுறையால் மே மாதம்தான் முடியும் என்றால், காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல், இவ்வளவுதான் வெளியே சுற்றும் நேரம். நடுப்பகலில் எல்லோரும் அறையில் இருங்கள். எல்லோரும் என்றால் நீங்களும்தான்.

முதல் நாள் நேராகத் தரங்கம்பாடி. மாலையில் பொறையார், அம்மா காட்டுகிற வழியில். விற்ற வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்றால் நிற்கட்டும், உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் இப்போது இருப்பவர்களிடம் நீங்கள் போய்க் கேளுங்கள். அவரைக் கேட்க வைக்காதீர்கள். பக்கத்திலேயே தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிச் சிறைக்குப் போய், 1914-ல் பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் குடும்பத்து ஊர். மறு வருடம் காந்தி அந்த ஊருக்கே வந்துவிட்டுப் போனார். இப்போது அங்கே அவள் பெயரில் நினைவு மண்டபம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் அது இல்லை, அம்மாவைக் கேட்டிருந்தால் வந்திருக்கும்.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன்பே கடற்கரைக்கு வந்துவிடுங்கள். கோட்டையும் மாசிலாமணிநாதர் கோயிலும் அங்கேதான். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில், முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறைகள் வழுக்கும், பையனை ஏற விடாதீர்கள். கடலில் கால் நனைப்பதோடு சரி. 2004 சுனாமியில் அடிவாங்கிய ஊர் அது. கோட்டை, 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அருங்காட்சியகம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெளியே நின்று பார்த்துவிட்டு, ஊர் நுழைவாயில்வரை ராஜ வீதியில் நடங்கள். வழியில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தமிழ் அச்சுக்கு அவ்வளவு உழைத்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடுத்த வருடமே இறந்து அதற்குள்தான் அடக்கமானார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ஒரு ஆட்டோவைக் கூடவே மெதுவாக வரச் சொல்லுங்கள். பாப்பா உங்கள் தோளில். கனத்தால் உங்கள் மனைவி தோளில். பெற்றவர்கள் நீங்கள் இருவர் இருக்கிறீர்களே.

அன்று மாலை திருநள்ளாறு, வழியில் காரைக்கால். சனிக்கிழமையாக இருக்க வேண்டாம், கூட்டத்தில் குழந்தையோடு நிற்க முடியாது.

திருக்கடையூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் போனால் அங்கே வரிசையாக அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடந்துகொண்டிருக்கும். மாலையும் கழுத்துமாகத் தாத்தாவும் பாட்டியும் மணையில் இருப்பார்கள், பிள்ளைகள் சுற்றி நின்று தண்ணீர் ஊற்றுவார்கள். அப்பா இல்லாத அம்மாவை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதை நீங்கள் யோசித்தே பார்க்கவில்லை. அபிராமியைப் பார்க்க அவருக்கு ஆசை இருக்கலாம். 'சாயங்காலம் போகலாமாம்மா?' என்று கேட்டு, அவர் சொல்கிற நேரத்துக்குப் போங்கள். 8 கிலோமீட்டர் அளவுதான் தூரம், எந்த நேரமும் போகலாம்.

மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பினால் பூம்புகாரில் சூரியன் வருவதைப் பார்க்கலாம், காவிரி கடலில் சேருகிற இடம். கீழையூரில் தோண்டி எடுத்த பழைய செங்கல் படகுத்துறையும், பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோட்டை பிடித்த உங்களுக்கு அவையும் பிடிக்கும். அங்கிருந்து நேரே பிச்சாவரம். துடுப்புப் படகு எடுங்கள், சுரபுன்னைக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் போகும், அங்கே நிழலும் உண்டு. பையன் ஆசையும் தீர்ந்துவிடும். பாப்பா படகில் பயப்பட்டு அழுதால் கரையில் இறங்கி நிற்க வேண்டியவர் நீங்கள்.

தங்குவதற்கு இரண்டு அறை எடுங்கள். பழைய பங்களாக்களில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், அம்மாவுக்குத் தரைத்தளத்தில் கேளுங்கள். பாப்பா மூன்று ராத்திரியும் உங்கள் அறையில் படுக்கட்டும்.