இரண்டு பைன் மரங்களைக் கலந்தால் வளர்ச்சி கூடுமா?

கேள்வி: வேகமாக வளரும் பைன் வகையை இன்னொரு வகையோடு கலந்தால், தாய் தந்தை இரண்டையும் விட வேகமாக வளரும் மரம் கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: சில இடங்களில் நிஜம், எல்லா இடத்திலும் இல்லை. பல பைன் கலப்பினங்கள் வேகத்தில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவில்தான் நிற்கும். அப்புறம் ஏன் கலக்கிறார்கள் என்றால், வேகமாக வளரும் மரம் பிழைக்காத நிலத்தில் அந்த வேகத்தில் பெரும்பகுதியையாவது கொண்டு வந்து சேர்ப்பதற்குத்தான். கொரியாவில் ஹியுன் சின்-கியு என்ற மரபியலாளர் 1950களில் செய்தது இதுதான். லாப்லாலி பைன் விறுவிறுவென வளரும், ஆனால் அந்த ஊர்க் குளிரைத் தாங்காது. பிட்ச் பைன் தாங்கும், ஆனால் மெதுவாக வளரும். இரண்டையும் சேர்த்து வந்த ரிகிடேடா குளிரையும் தாங்கியது, பிட்ச் பைனைவிட நன்றாகவும் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே கணக்குதான்: தண்ணீர் தேங்கும் மண்ணைப் பொறுக்கும் ஸ்லாஷ் பைனோடு, வேகத்துக்குப் பேர்போன கரீபியன் பைனைச் சேர்த்தார்கள், இன்று அங்கே தோட்டம் தோட்டமாக அந்தக் கலப்பினம் நிற்கிறது. அதனால் "எந்தக் கலப்பு நல்லது" என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் நிலத்தில் மரத்தை எது தடுக்கிறது, குளிரா, ஈரமா, நோயா என்று பாருங்கள். அது தெரியாமல் கலப்பினம் தேடுவதில் பயனே இல்லை.

கேள்வி: நானே கலந்து பார்க்க முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: முடியும், பொறுமைதான் வேண்டும். பெண் கூம்பு மொட்டுகள் பெரும்பாலும் மரத்தின் உச்சிப் பகுதியில் இருக்கும், அவை விரிவதற்கு முன்பே பை கட்டி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் வரும் வேறு மகரந்தம் முந்திக்கொள்ளும். மொட்டு மகரந்தத்தை ஏற்பது சில நாட்கள்தான், அந்த நேரம் பார்த்து பைக்குள் மகரந்தத்தை ஊத வேண்டும். தந்தை மரம் முன்பின்னாகப் பூத்தாலும் கவலையில்லை, உலர்த்தி உறைய வைத்த மகரந்தம் அடுத்த பருவத்துக்கும் உதவும். பைனில் மகரந்தம் விழுந்து சுமார் ஒரு வருடம் கழித்துத்தான் கருவுறுதலே நடக்கும், எனவே இந்த வசந்தத்தில் கட்டிய பைக்கு விதை கையில் வருவது பெரும்பாலான வகைகளில் அடுத்த வருட இலையுதிர் காலத்தில். ஒன்று மறக்காதீர்கள்: பைன்கள் எல்லாவற்றுக்கும் குரோமோசோம் 24தான் என்றாலும், மென்பைன் பிரிவும் (பெரும்பாலும் கொத்துக்கு ஐந்து ஊசியிலை) வன்பைன் பிரிவும் (பெரும்பாலும் கொத்துக்கு இரண்டு அல்லது மூன்று) ஒன்றோடொன்று சேராது. ஒரே பிரிவுக்குள்ளும் நெருங்கிய உறவுள்ள வகைகளையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கலப்பின மரத்திலிருந்து விதை எடுத்து நடலாமா?

பதில்: நடலாம், ஆனால் முதல் தலைமுறையில் இருந்த சீர் இருக்காது, ஒன்று தாத்தா மாதிரி, ஒன்று பாட்டி மாதிரி, ஒன்று இரண்டுமில்லாமல் வரும். சீராக வேண்டுமென்றால் இளங்கன்றுகளின் கிளைக் குச்சிகளை வெட்டி வேர் பிடிக்க வையுங்கள். மரம் வயதானால் குச்சி வேர் விடுவது குறைந்துவிடும், அதனால் தாய்ச்செடிகளை வேலி மாதிரி வெட்டி வெட்டி இளமையாகவே வைத்திருப்பார்கள். நடும்போது தாய் வகை, தந்தை வகை இரண்டிலும் ஒரு வரிசை பக்கத்திலேயே வையுங்கள், கலப்பினம் முந்துகிறதா இல்லையா என்பதை உங்கள் மண்ணிலேயே நேரில் பார்த்துவிடலாம்.