வீட்டில் செய்யும் அய்வார் ஏன் நீர்த்துப்போகிறது?

சுட்ட சிவப்புக் குடைமிளகாயில் செய்யும், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி விழுது அய்வார். உங்களுக்கு அது தண்ணீராகிறது, தோலும் உரிய மறுக்கிறது என்கிறீர்கள்.

தோல் விஷயம் எளிது. நேரடித் தீயில் கருகிக் கொப்புளிக்கும்வரை சுட்டு, சூட்டோடு மூடிய பாத்திரத்தில் 20 நிமிடம் போடுங்கள். ஆவியிலேயே கழன்றுவிடும். குழாயடியில் மட்டும் கழுவாதீர்கள், புகை வாசம் போய்விடும். கொஞ்சம் கரி ஒட்டியிருந்தால் என்ன, இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். உரித்து விதை நீக்கியதை வடிதட்டில் போட்டு, ஃபிரிட்ஜில் ஒரு இரவு வடியவிடுங்கள். வட மாசிடோனியாவிலும் செர்பியாவிலும் அய்வாருக்கு எடுப்பது கொம்பு போல நீண்ட, சதைப்பற்றுள்ள, காரமில்லாத மிளகாய் வகை. நம் கடைக் குடைமிளகாயில் நீர் அதிகம். அங்கே இலையுதிர் காலத்தில் மொத்தமாகச் சுட்டு, அரைத்து, எண்ணெயில் மணிக்கணக்காகக் கிளறுவார்கள். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும், அந்தக் கோடு உடனே மூடக் கூடாது. அதுவரை அடுப்பை அணைக்காதீர்கள்.

சுட்ட கத்தரிக்காய் சேர்ப்பது உங்கள் விருப்பம், நான் சேர்ப்பேன். உப்பும் வினிகரும் கடைசியில். வீட்டு அளவுக்குச் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.